இதயத்துக்கு மருந்து தேடிய ஹகீம்



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த என்னிடம் பெரியவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். இளமையில் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். மருத்துவர் அவருக்கு இதய நோய் என்று சொல்லி, நாள்தோறும் உட்கொள்ளுமாறு மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நாளும் மாத்திரையை நம்பி வாழ்வது அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுகின்ற தவக்குலுக்கு மாறாகாதா என்பது அவருடைய முதல் ஐயம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு வேரை இடித்துக் குடித்தால் இதயமும் இரத்தக் கொதிப்பும் அடங்கிவிடும், ஆங்கில மருந்து எதற்கு என்று உறவினர் ஒருவர் கூறியிருந்தார். அதைச் செய்யலாமா என்பது அவருடைய இரண்டாவது ஐயம்.

அந்த வேரின் பெயர் என்னவென்று கேட்டேன். சர்ப்பகந்தி என்றார். அப்பெயரைக் கேட்டவுடன் என் உள்ளம் டில்லி மாநகரத்துக்கும், அங்கே வாழ்ந்து மறைந்த ஒரு பெருந்தகையின் வரலாற்றுக்கும் சென்றுவிட்டது. அன்று அப்பெரியவருக்குச் சுருக்கமாகச் சொன்னதையே இன்று உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விழைகின்றேன். அவ்வரலாற்றுக்குள் நுழையுமுன் நம் கடலின் அடியில் நாள்தோறும் நிகழ்ந்துவந்த ஓர் அற்புதத்தை முதலில் காண்போம்.

கடலடியில் ஓர் அத்தாட்சி

முத்துக் குளித்துறை என்று பன்னெடுங்காலமாகப் பெயர் பெற்றது நம் கடற்கரை. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று எனினும், அந்நினைவு இன்னும் நம் ஊர்களில் மறையவில்லை. இடுப்பில் கயிறும், காலில் கல்லும், கழுத்தில் வலைப்பையுமாகக் கடலுள் இறங்கிய குளியாளிகள், ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டி மேலே வந்தனர். பரதவ மக்களும் முஸ்லிம்களும் ஒரே தோணியில் அமர்ந்து செய்த தொழில் அது.

அந்த ஒரு நிமிடத்தில் அம்மனிதனின் உடலுள் நிகழ்வது என்ன? முகம் நீருள் அமிழ்ந்து மூச்சும் அடங்கியவுடன் முகத்திலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடிப்பாகமாகிய முகுளம் உடனே வேகஸ் என்னும் நரம்பின் வழியே இதயத்துக்குக் கட்டளையிடுகிறது. இதயத் துடிப்பு குறைகிறது. அதே வேளையில் பரிவு நரம்புகள் எனப்படுபவை கை கால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உயிர்க்காற்றைச் சுமக்கும் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் சேமித்து வைக்கின்றன. நேரம் செல்லச் செல்ல இரத்தத்தில் கரியமில வாயு மிகுகிறது. அதை உணர்ந்த முகுளம் இனித் தாமதியாதே, மூச்சு விடு என்று வற்புறுத்துகிறது. அப்போது அக்குளியாளி கயிற்றை இழுத்துச் சைகை காட்டுகின்றான்.

கவனியுங்கள், சகோதரர்களே! இவற்றுள் ஒன்றையேனும் அவன் கற்றுக்கொண்டு செய்யவில்லை. மூச்சைச் சிறிது நேரம் நிறுத்தும் உரிமை மட்டுமே மனிதனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இதயத்தை நிறுத்தவோ ஓட்டவோ அவனுக்கு அதிகாரம் தரப்படவில்லை. நாம் உறங்கும்போதும், மறந்திருக்கும்போதும், பாவத்தில் மூழ்கியிருக்கும்போதும்கூட அந்தக் காவல் ஓய்வதில்லை. படைத்தவன் தன் அடியானின் உள்ளேயே வைத்த அத்தாட்சிகளுள் இதுவும் ஒன்றன்றோ!

இதயத்தையும் மூச்சையும் நரம்புகள் ஆளும் முறையை உலகம் மெல்ல மெல்லவே கண்டறிந்தது. நாடித் துடிப்பின் வகைகளை இப்னு சீனா (ரஹ்) அவர்கள் தமது கானூன் என்னும் பெருநூலில் விரிவாக ஆராய்ந்தார்கள். இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அவர்கள் நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டக் கலையைக் கெய்ரோவில் போதித்த அறிஞரும் ஆவார்கள். 1845இல் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் தயங்கி நிற்கும் என்று காட்டினர். நரம்பின் நுனியில் சுரக்கும் ஒருவகைப் பொருளே இதயத்துக்குச் செய்தியைக் கொண்டு சேர்க்கிறது என்பதை 1921இல் ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி என்பவர் தவளைகளின் இதயங்களைக் கொண்டு மெய்ப்பித்தார். அதே 1921ஆம் ஆண்டில் டில்லியில் ஒரு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதனை எழுப்பியவரே நம் வரலாற்று நாயகராகிய ஹகீம் அஜ்மல் கான் அவர்கள்.

ஷரீஃப் மன்ஸில்

1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் டில்லியில் ஹகீம் ஸாஹிப் அவர்கள் பிறந்தார்கள். முகலாயர் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய மருத்துவப் பரம்பரை அவர்களுடையது. பாட்டனார்களுள் ஒருவரான ஹகீம் ஷரீஃப் கான் மாமன்னர் ஷா ஆலம் காலத்தில் புகழ் பெற்று விளங்கியவர். அவர் பெயரால் பல்லிமாரான் தெருவில் அமைந்த ஷரீஃப் மன்ஸில் என்ற மாளிகையே அக்குடும்பத்தின் இல்லமாகவும் மருத்துவமனையாகவும் பள்ளிக்கூடமாகவும் திகழ்ந்தது.

இளம் வயதிலேயே திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாஃபிழ் ஆனார்கள். அரபியும் பாரசீகமும் மார்க்கக் கல்வியும் பயின்றபின் குடும்பத்துப் பெரியோர்களிடம் யுனானி மருத்துவத்தைக் கற்றுத் தேறினார்கள். 1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார்கள். அவ்வரண்மனையின் நூலகம் அரபி, பாரசீக ஏடுகள் நிறைந்த அறிவுக் கருவூலம். அங்கே கழிந்த ஆண்டுகளில் பழைய மருத்துவ நூல்களைத் துருவித் துருவிப் படித்தார்கள்.

மூத்த சகோதரர் ஹகீம் அப்துல் மஜீத் கான் டில்லியில் மத்ரஸா திப்பியா என்ற மருத்துவப் பள்ளியை நிறுவியிருந்தார். மூத்தவர்கள் இருவரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தபின் அப்பொறுப்பு இளையவர்மீது வந்து விழுந்தது. ஹகீம் ஸாஹிப் அதைச் சுமையாகக் கருதவில்லை, அமானிதமாகக் கருதினார்கள்.

விடியற்காலை முதல் ஷரீஃப் மன்ஸிலின் வாசலில் நோயாளிகள் கூடியிருப்பர். முஸ்லிம்களும், இந்துக்களும், சீக்கியர்களும், செல்வரும், வறியவரும் ஒரே வரிசையில் காத்திருப்பர். டில்லியில் தம்மைத் தேடி வந்தவர்களிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் மன்னர்களும் நவாபுகளும் வெளியூருக்கு அழைத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் பெறுவார்கள். அக்காலத்து ஆயிரம் ரூபாயின் மதிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அரண்மனையில் பெற்ற அப்பணம் ஏழைகளுக்கு மருந்தாகவும், மாணவர்களுக்கு உணவாகவும், கல்விக்கூடங்களுக்குக் கட்டடமாகவும் உருமாறிற்று.

நாடி பார்ப்பதில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்களை மூடி அமர்ந்திருப்பார்கள். யுனானி மருத்துவம் மனித உடலில் மூவகை ஆற்றல்களைக் கூறுகிறது. ஈரலைச் சார்ந்தது இயற்கை ஆற்றல். இதயத்தைச் சார்ந்தது உயிராற்றல். மூளையையும் நரம்புகளையும் சார்ந்தது உணர்வாற்றல். அச்சமோ, துயரமோ, கோபமோ மூளையைத் தாக்கினால் அதன் அதிர்வு இதயத்திலும் மூச்சிலும் தெரியும் என்பதை நம் முன்னோராகிய ஹகீம்கள் விரல் நுனியால் அறிந்திருந்தனர். எந்த நரம்பு, எந்தப் பொருள், எவ்வாறு செய்தியைச் சுமக்கிறது என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. அந்த இடைவெளியை மறைக்காமல் ஒப்புக்கொண்டதே ஹகீம் ஸாஹிபின் தனிப்பெருமை என்பேன்.

பழமையும் புதுமையும்

அக்காலத்து மருத்துவ உலகில் இரு சாரார் இருந்தனர். மேனாட்டு மருத்துவமே மருத்துவம், யுனானியும் ஆயுர்வேதமும் மூடநம்பிக்கை என்றனர் ஒரு சாரார். முன்னோர் எழுதிவைத்ததில் ஓர் எழுத்தும் மாறலாகாது, சோதனைக் கூடம் என்ற பேச்சே வேண்டா என்றனர் மறு சாரார். ஹகீம் ஸாஹிப் இருவரோடும் உடன்படவில்லை.

1912இல் பம்பாய் மாகாணத்திலும் 1914இல் சென்னை மாகாணத்திலும் மருத்துவர் பதிவுச் சட்டங்கள் வந்தன. ஹகீம்களும் வைத்தியர்களும் அப்பதிவேட்டில் இடம் பெறவில்லை. இப்போக்கு வரவிருப்பதை முன்னரே உணர்ந்த ஹகீம் ஸாஹிப், 1910இல் ஆயுர்வேத வைத்தியர்களையும் யுனானி ஹகீம்களையும் ஒரே மேடையில் சேர்த்து அகில இந்திய மாநாட்டைத் தோற்றுவித்தார்கள். ஆனால் அவர்கள் அரசை எதிர்த்து முழக்கமிட்டதோடு நில்லாமல், தம் சொந்த மருத்துவத்தின் குறைகளையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்கள். உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் நம்மவர் கைநழுவவிட்டவை, அவற்றை எங்கிருப்பினும் சென்று பெற்றுவர வேண்டும் என்பது அவர்களின் நிலை. 1911இல் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள மருத்துவமனைகளை நேரில் பார்த்து வந்தார்கள். லண்டன் மருத்துவமனையொன்றில் பணியாற்றிய டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்களுடன் அங்கே ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்தல் வேண்டும் என்ற கருத்துடைய அவர்கள், 1909இல் மகளிருக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்கள். வீட்டுக்கு வெளியே பெண்கள் கல்வி கற்பதையே பலர் தயக்கத்தோடு நோக்கிய காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

ஆயுர்வேத யுனானி திப்பியாக் கல்லூரிக்கு 1916இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழுந்து முடிவதற்குள் நாட்டின் நிலை மாறிவிட்டது. பஞ்சாப் படுகொலையும் கிலாஃபத் கிளர்ச்சியும் மக்கள் நெஞ்சை உலுக்கின. ஆங்கில அரசு அளித்திருந்த ஹாஸிகுல் முல்க் என்ற பட்டத்தையும் பதக்கத்தையும் 1920இல் ஹகீம் ஸாஹிப் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மக்கள் அவர்களுக்கு மஸீஹுல் முல்க், அதாவது நாட்டின் நோய் தீர்ப்பவர், என்ற பட்டத்தைச் சூட்டினர். வைஸ்ராய் அடிக்கல் நாட்டிய அதே கல்லூரியை 1921 பிப்ரவரி 13ஆம் நாள் காந்தியடிகள் திறந்து வைத்தார்.

நம் தூத்துக்குடி வாசகர்களுக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர் இரண்டு லட்ச ரூபாய்க்கு எண்ணாயிரம் பங்குகளை வாங்கித் துணை நின்றார். கடலில் நம் கப்பல் ஓட வேண்டும் என்று எண்ணியவர் சிதம்பரனார். நம் மண்ணின் மருந்து உலக அரங்கில் ஏற வேண்டும் என்று எண்ணியவர் அஜ்மல் கான். இன்று நம் துறைமுகம் தாங்கி நிற்கும் பெயர் வ.உ.சி. அவர்களுடையது.

சென்னை மாகாணத்திலும் இதே சிந்தனை அரும்பிற்று. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய அரசு 1921இல் அமைத்த குழுவுக்கு முஹம்மது உஸ்மான் அவர்கள் தலைவராயிருந்தார்கள். அக்குழு 1923இல் அளித்த அறிக்கையின் விளைவாகச் சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் கற்பிக்கும் இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் உருவாயிற்று.

சோர்வறியாத நெஞ்சம்

1920 அக்டோபரில் அலிகாரில் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா என்ற தேசியக் கல்வி நிலையம் தோன்றியபோது அதன் முதல் வேந்தராக ஹகீம் ஸாஹிபே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1921 டிசம்பரில் அகமதாபாத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க வேண்டிய சி.ஆர். தாஸ் சிறையில் இருந்தமையால், அப்பொறுப்பையும் ஹகீம் ஸாஹிபே ஏற்றார்கள். முஸ்லிம் லீக், கிலாஃபத் மாநாடு, காங்கிரஸ் ஆகிய மூன்றின் தலைமையையும் வகித்த பெருமை அவர்களுக்கு உண்டு.

ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகள் துயரமானவை. கிலாஃபத் இயக்கம் ஓய்ந்தது. ஊர்தோறும் வகுப்புக் கலவரங்கள் மூண்டன. ஒரு வரிசையில் அமர்ந்து தம்மிடம் நாடி காட்டிய மக்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்வதை அவர்கள் கண்ணால் காண நேர்ந்தது. ஜாமிஆ பணமின்றித் தத்தளித்தது. மூடிவிடலாம் என்று பலரும் சொல்லத் தலைப்பட்டனர். ஹகீம் ஸாஹிப் அதற்கு இணங்காமல் 1925இல் அதனை டில்லியின் கரோல்பாகுக்குக் கொண்டுவந்தார்கள். தம் சொந்த வருவாயை அதற்கென வாரி வழங்கினார்கள். பிற்காலத்தில் நம் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஜாகிர் உசேன் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்து பணியேற்றது அந்த வறிய ஜாமிஆவில்தான்.

இத்தனை அலுவல்களுக்கும் இடையே அவர்கள் உள்ளத்தில் ஓர் ஆசை கனன்றுகொண்டிருந்தது. யுனானி மருந்துகள் நோய் தீர்க்கின்றன என்று சொல்வதோடு அமையாது, எவ்வாறு தீர்க்கின்றன என்பதைச் சோதனைக் கூடத்தில் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அது. இதற்காகவே ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞரைத் தேர்ந்தார்கள். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற அவருக்குப் பொருளுதவி செய்தார்கள். அவர் திரும்பி வந்ததும் திப்பியாக் கல்லூரியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைப்பது என்பது திட்டம்.

1927இல் சித்தீக்கி டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு நண்பர் டாக்டர் அன்சாரி தலைமை தாங்கினார். மாநாடு முடிந்த சூட்டோடு துயரச் செய்தி பரவிற்று. டிசம்பர் 29ஆம் நாள் ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் இதய நோயால் இறையடி சேர்ந்துவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆயிரமாயிரம் பேரின் நாடியைப் பார்த்து நலம் கூறிய கரம் ஓய்ந்தது. தாம் நட்ட மரத்தின் கனியைக் காணும் பேறு அவர்களுக்கு இவ்வுலகில் கிட்டவில்லை.

வேரினுள் மறைந்திருந்தது

மறைந்தவரின் விருப்பத்தைச் சித்தீக்கி கைவிடவில்லை. திப்பியாக் கல்லூரியின் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்து 1940 வரை அங்கே பணியாற்றினார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரு சிறிய செடியின் வேர். வடநாட்டு ஹகீம்கள் அதனை அஸ்ரோல் என்றும், சோட்டா சாந்த் என்றும் அழைத்தனர். தமிழில் சர்ப்பகந்தி, சிவன் அமல்பொடி என்றெல்லாம் பெயர் பெற்றது. பித்துப் பிடித்தவர்களை அமைதிப்படுத்தவும் உறக்கம் வருவிக்கவும் நாட்டு மக்கள் அதனைப் பயன்படுத்தி வந்தனர்.

1931இல் சித்தீக்கியும் அவருடன் பணியாற்றிய ரஃபாத் ஹுஸைன் சித்தீக்கியும் அவ்வேரிலிருந்து தூய பொருள்கள் பலவற்றைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்றும், மற்றொன்றுக்கு அஜ்மலிசின் என்றும் பெயரிட்டனர். மறைந்த ஹகீம் ஸாஹிபின் திருப்பெயர் வேதியியல் நூல்களில் இவ்வாறு நிலைபெற்றது. அதே ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவரும் இவ்வேர் மனநோயையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினர். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புள்ள தம் நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரிட்டனின் இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அதன்பின்னரே உலகின் கண்கள் திறந்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து அறிஞர்கள் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தனர்.

இவை உடலில் செய்வது என்ன? பரிவு நரம்புகளின் நுனியில் நுண்ணிய பைகள் இருக்கின்றன. நார்அட்ரினலின் என்ற பொருள் அவற்றில் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. அச்சமும் கோபமும் எழும்போது அது வெளிப்பட்டு இதயத்தை விரைவுபடுத்துகிறது, குழாய்களைச் சுருக்குகிறது. ரெசர்பின் அப்பைகளில் அப்பொருள் மீண்டும் சேராதவாறு தடுத்துவிடுகிறது. சேமிப்பு வற்றுகிறது, இதயம் நிதானமடைகிறது, கொதிப்பு இறங்குகிறது. நரம்பு இதயத்தை எவ்வாறு ஆள்கிறது என்ற ஆராய்ச்சிக்கே இவ்வேர் ஒரு திறவுகோலாயிற்று.

அஜ்மலினின் வேலை வேறு. அது நரம்பின் நுனியைவிட இதயத் தசையின் மீதே செயற்பட்டு, அங்கே ஓடும் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே தாறுமாறான துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தாக அது பயன்பட்டது. 1992இல் புருகாடா சகோதரர்கள் ஒருவகைப் பரம்பரை இதயக் கோளாற்றை விவரித்தனர். நலமாகத் தோன்றும் மனிதரை உறக்கத்திலேயே திடீரென மாய்த்துவிடக்கூடிய கோளாறு அது. மறைந்திருக்கும் அக்கோளாற்றை வெளிக்கொணர, மருத்துவரின் கண்காணிப்பில் அஜ்மலினை இரத்தக் குழாயில் செலுத்தி, இதயத்தின் மின்வரைபடத்தைப் பார்க்கும் சோதனை இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. இதய நோயால் மறைந்த ஒரு ஹகீமின் பெயர் கொண்ட மருந்து, முன்பின் அறியாத மனிதர்களின் இதயங்களைச் சோதித்து அவர்களின் உயிர்காக்க உதவுகிறது. நிலையான தர்மம் என்று நம் மார்க்கம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

அதே டில்லி மாநகரில் மூச்சின் பக்கத்து ஆராய்ச்சியும் பின்னர் சிறந்து விளங்கிற்று. வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் அவதார் சிங் பெயின்டல், நுரையீரலின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் அருகே நரம்பு முனைகள் இருப்பதை 1950களில் கண்டறிந்தார். ஜே ஏற்பிகள் எனப்படும் அவை, நுரையீரலில் நீர் கோக்கும்போது மூளையை எச்சரித்து மூச்சை விரைவுபடுத்துகின்றன. இதயம் தளர்ந்தவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்பதை விளக்குவதற்கு இக்கண்டுபிடிப்பு பெரிதும் துணை நின்றது. இதயமும் மூச்சும் ஒரே அரசின் கீழ் வாழும் இரு குடிகள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நமக்குரிய பாடம்

அன்பர்களே! ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியே இருக்கிறான் என்பதும், அதனைத் தேட வேண்டியது அடியானின் கடமை என்பதும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். ஹகீம் ஸாஹிபின் வாழ்வு முழுவதும் அப்பாடத்தின் விரிவுரையே. திருக்குர்ஆனை நெஞ்சில் சுமந்த அந்த ஹாஃபிழ், சோதனைக் கூடத்தைக் கண்டு அஞ்சவில்லை. தம் முன்னோரின் மருத்துவத்தின் மீது அளவற்ற அன்பு வைத்திருந்தும், அதனைச் சோதனைக்கு உட்படுத்தத் தயங்கவில்லை. உண்மை என்று நம்புகிறவன் உரைகல்லைக் கண்டு ஏன் கலங்க வேண்டும்?

இனி, பெரியவரின் இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். சர்ப்பகந்தி வேரைத் தாமாகவே இடித்துக் குடிக்கலாமா? கூடாது. ஹகீம் ஸாஹிப் தொடங்கிய ஆராய்ச்சியே அதற்கு விடை. அவ்வேரில் ஒன்றல்ல, பல பொருள்கள் உள்ளன. ஒன்று கொதிப்பைத் தணிக்கும். மற்றொன்று இதயத்தின் மின்னோட்டத்தையே மாற்றும். அளவு மிஞ்சினால் இதயம் அளவுக்கு மேல் தளரும். உள்ளம் ஆழ்ந்த சோர்வில் வீழும். ரெசர்பின் மருந்தின் பயன்பாடு பிற்காலத்தில் குறைந்துபோனமைக்கு இத்தகைய பக்க விளைவுகளும் காரணமாயின. மருத்துவர் எழுதிய மாத்திரையோடு இவ்வேரையும் சேர்த்து உண்பது இன்னும் ஆபத்தானது. முன்னோரின் மருந்து என்பதனாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. மேனாட்டு மருந்து என்பதனாலேயே அது வெறுக்கத்தக்கதும் ஆகிவிடாது. யுனானியோ, சித்தமோ, ஆங்கில மருத்துவமோ, எதுவாயினும் கற்றுத் தேர்ந்தவரின் கண்காணிப்பில் உட்கொள்வதே அறிவுடைமை. உடலும் உயிரும் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம்; அதில் அலட்சியம் காட்ட நமக்கு உரிமையில்லை.

முதல் ஐயமாகிய தவக்குலைப் பற்றி அப்பெரியவரிடம் நான் நீண்ட விளக்கம் ஏதும் சொல்லவில்லை. அவர் கடலில் இறங்கிய காலத்தைப் பற்றியே கேட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லி, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டித்தானே இறங்கினீர்கள் என்றேன். ஆம் என்றார். அப்படியானால் இடுப்பில் எதற்குக் கயிறு கட்டினீர்கள், அதன் மறுமுனையை நம்பிக்கையான ஓர் ஆளிடம் எதற்குக் கொடுத்தீர்கள் என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவர் முகத்தில் புன்னகை மலர்ந்தது. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அவர் அறிந்தேயிருந்தார். கடற்கரைக்காரருக்கு ஒட்டகத்தைவிடக் கயிறே விளங்கிற்று, அவ்வளவுதான்.

மாத்திரை என்பது அந்தக் கயிறு. அதனைப் பிடித்திருப்பவர் மருத்துவர். ஆயினும் கடலின் அடியில் இதயத் துடிப்பைக் குறைத்து, குருதியைக் காத்து, மூச்சுக்கு நேரம் குறித்தவன் எவனோ, அவனே உண்மையில் காப்பவன். கயிறு கட்டுவது நம் கடமை; கரை சேர்ப்பது அவன் கருணை. இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக்கிப் பார்ப்பதே தவறு.

ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் பிறந்த நாளாகிய பிப்ரவரி 11ஆம் நாள் இந்தியாவில் யுனானி மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் அவருடைய பெயரைச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடாமல், நம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் ஆராய்ச்சிக் கல்விக்கு அனுப்புவோம். பொருள் படைத்தோர் ஏழை மாணவர் ஒருவரின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வோம். தாம் கண்ணால் காண முடியாத கனிக்காக மரம் நட்ட அம்மாமனிதருக்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.

வல்ல நாயன் அல்லாஹு தஆலா ஹகீம் ஸாஹிப் அவர்களின் கப்ரை ஒளிமிக்கதாக்குவானாக! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண நலத்தையும், நம் அனைவருக்கும் அறிவைத் தேடும் ஆர்வத்தையும் அருள்வானாக! ஆமீன்.